122 சூத்திரங்களும் ஆறு மதிப்பெண்ணும்

கேள்வி: வணக்கம் மேடம். சி.ஏ. இன்டர்மீடியட் இரண்டாம் குரூப் எழுதினேன். ஆடிட்டிங்கில் 63, நிதி மேலாண்மைத் தாளில் 55, காஸ்டிங்கில் (செலவுக் கணக்கியல்) 34. மொத்தம் 152 வந்தும் குரூப் போய்விட்டது. காஸ்டிங்கிற்காக ஒரு நீள நோட்டில் 122 சூத்திரங்களை எழுதி வைத்திருக்கிறேன். தினமும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சத்தமாகப் படிக்கிறேன். வீட்டில் எல்லாம் சரியாகச் சொல்ல வருகிறது. தேர்வு அறையில் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. போன முறை பொருள் வேரியன்ஸ் (நிர்ணயித்த செலவுக்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வித்தியாசம்) கணக்கில் சூத்திரம் அப்படியே நினைவுக்கு வந்தது. திட்டமிட்ட உற்பத்தி 1,000 பெட்டி, நடந்தது 900 பெட்டி. நிர்ணய அளவு என்ற இடத்தில் கேள்வியில் கொடுத்திருந்த எண்ணையே போட்டேன். விடை தவறு. ஏன் என்று இன்றுவரை புரியவில்லை. தோழி வல்லாரை மாத்திரை சாப்பிடச் சொல்கிறாள். ஞாபகசக்திப் பயிற்சிக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். அம்மா இட்லி மாவுக் கடை வைத்துத்தான் என்னைப் படிக்க வைக்கிறார். 122 சூத்திரங்களையும் மறக்காமல் வைத்துக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர்.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த 6,000 ரூபாயை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். வல்லாரையைத் துவையலாக அரைத்தால் நன்றாக இருக்கும். காஸ்டிங் தாளில் அது வந்து கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இப்போது உங்கள் மதிப்பெண்களை ஒரு கணக்காளர் பார்ப்பதுபோலப் பார்ப்போம். ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 150. இரண்டாவது நிபந்தனையைத் தாண்டிவிட்டீர்கள். ஆடிட்டிங்கில் 60-க்கு மேல் வாங்கியதால் அந்தத் தாளுக்கு அடுத்த மூன்று தேர்வுகள் வரை விலக்கு உண்டு. அந்த 63 உங்கள் பெயரிலேயே நிற்கும். மீதி இரண்டு தாள்களில் 87 வேண்டும், எதுவும் 40-க்குக் கீழே இறங்கக் கூடாது. போன முறையே 89 வாங்கியிருக்கிறீர்கள். ஆகக் குறைவது காஸ்டிங்கில் ஆறே ஆறு மதிப்பெண். அதற்காக 122 சூத்திரங்களைத் தலையில் சுமந்துகொண்டு விடியற்காலை நான்கு மணிக்கு எழுகிறீர்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: 2025 முதல் இந்தத் தேர்வு ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. மூன்று தேர்வுக்கான விலக்கு என்பது ஒரே வருடத்தில் கரைந்துவிடும். 'அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடாமல் வருகிற முறையே எழுதுங்கள்.

உங்கள் நோட்டைப் பற்றிப் படித்ததும் எனக்கு என் விடுதி அறைச் சுவர் நினைவுக்கு வந்தது. நான் படித்த காலத்தில் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நீல ஸ்கெட்ச் பேனாவால் சூத்திரங்களை எழுதி, சுவர் முழுவதும் ஒட்டி வைத்திருந்தேன். படுக்கும்போதும் எழும்போதும் கண்ணில் படட்டும் என்ற யோசனை. தேர்வு அறையில் நிலை மேற்செலவு வேரியன்ஸ் கேட்டிருந்தார்கள். அது ஜன்னலுக்கு வலப்பக்கம், கீழிருந்து மூன்றாவது தாள் என்பது துல்லியமாக ஞாபகம் வந்தது. தாளின் ஓரத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து பல்லி ஒன்று குடியிருந்ததுகூட ஞாபகம் வந்தது. சூத்திரம் மட்டும் வரவில்லை. அந்த முறை எனக்கும் காஸ்டிங் போயிற்று. ஆகவே உபதேசம் செய்யும் இடத்தில் இருந்து இதை எழுதவில்லை. அதே பள்ளத்தில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவள் எழுதுகிறேன்.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்று ஒரு ஜெர்மானியர் இருந்தார். தன்னையே சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டு, பொருளே இல்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி பற்றிப் பேசும் எல்லோரும் அவர் பெயரைச் சொல்வார்கள். ஆனால் அவர் செய்த இன்னொரு காரியத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. அர்த்தமற்ற அசைகளோடு ஆங்கிலக் கவிஞர் பைரனின் செய்யுள்களையும் அவர் மனப்பாடம் செய்து பார்த்தார். அர்த்தமுள்ள வரிகளுக்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு உழைப்புதான் தேவைப்பட்டது. உங்கள் நோட்டில் இருக்கும் 122-இல் பெரும்பாலானவை உங்களைப் பொறுத்தவரை அர்த்தமற்ற அசைகள். எஸ்.க்யூ., ஏ.க்யூ., எஸ்.பி., ஏ.பி. (நிர்ணய அளவு, உண்மை அளவு, நிர்ணய விலை, உண்மை விலை) என்று முணுமுணுக்கும்போது அவற்றுக்குப் பின்னால் ஒரு மூட்டை அரிசிகூட உங்களுக்குத் தெரிவதில்லை.

அரிசி என்றதும் அம்மாவின் கடைக்கே போய்விடலாம்.

அம்மா பத்து கிலோ தானியம் ஊற வைத்தால் அதில் எட்டு கிலோ இட்லி அரிசி, இரண்டு கிலோ உளுந்து என்று வைத்துக்கொள்வோம். அரைத்தால் 25 கிலோ மாவு வரும். அரிசி கிலோ 50 ரூபாய், உளுந்து 120 ரூபாய். இதுதான் நிர்ணயம். ஒரு வாரத்தில் 250 கிலோ மாவு அரைத்தார். கணக்குப் பார்த்தால் அரிசி 90 கிலோ தீர்ந்திருக்கிறது, கிலோ 52 ரூபாய்க்கு வாங்கியது. உளுந்து 20 கிலோ, அது 115 ரூபாய்க்கே கிடைத்தது.

ஒரு தாளை எடுத்துக் குறுக்குவாட்டில் நான்கு பெட்டிகள் போடுங்கள்.

முதல் பெட்டியில் ஒரு கேள்வி: இந்த 250 கிலோ மாவுக்கு எவ்வளவு தானியம் செலவாகியிருக்க வேண்டும்? அரிசி 80, உளுந்து 20. நிர்ணய விலையில் 4,000-மும் 2,400-மும் சேர்ந்து 6,400 ரூபாய்.

இரண்டாம் பெட்டி: உண்மையில் செலவானது மொத்தம் 110 கிலோ. அந்த 110-ஐ எட்டுக்கு இரண்டு என்ற பழைய விகிதத்திலேயே கலந்திருந்தால்? அரிசி 88, உளுந்து 22. நிர்ணய விலையில் 4,400-மும் 2,640-மும், ஆக 7,040.

மூன்றாம் பெட்டி: நிஜமாகப் போட்டபடி அரிசி 90, உளுந்து 20. விலை மட்டும் இன்னும் நிர்ணய விலையே. 4,500-மும் 2,400-மும், ஆக 6,900.

நான்காம் பெட்டி: நிஜ அளவு, நிஜ விலை. 4,680-மும் 2,300-மும், ஆக 6,980. கடையில் நிஜமாகச் செலவான பணம் இதுதான்.

ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும்போது ஒரே ஒரு விஷயம்தான் மாறுகிறது. முதலிலிருந்து இரண்டுக்கு மொத்த அளவு மாறியது. அந்த வித்தியாசம் 640 ரூபாய் பாதகம், அதன் பெயர் விளைச்சல் வேரியன்ஸ். இரண்டிலிருந்து மூன்றுக்குக் கலவை மாறியது. 140 ரூபாய் சாதகம், கலவை வேரியன்ஸ். மூன்றிலிருந்து நான்குக்கு விலை மாறியது. 80 ரூபாய் பாதகம், விலை வேரியன்ஸ். நடுவில் இருக்கும் இரண்டாம் பெட்டியைத் தாண்டி முதலையும் மூன்றையும் ஒப்பிட்டால் 500 ரூபாய் பாதகம், உபயோக வேரியன்ஸ். முதலையும் கடைசியையும் ஒப்பிட்டால் 580 ரூபாய் பாதகம், மொத்தச் செலவு வேரியன்ஸ். 640 பாதகத்தில் 140 சாதகம் போக 500. அதனுடன் 80 சேர்த்தால் 580. கூட்டிப் பார்த்ததும் கணக்கு தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. நோட்டில் உள்ள ஐந்து சூத்திரங்கள் இந்த நான்கு பெட்டிகளில் அடங்கிவிட்டன, பார்த்தீர்களா?

கூலிக்கும் இதே பெட்டிகள்தான். கிலோவுக்குப் பதில் மணி, விலைக்குப் பதில் கூலி விகிதம். மின்சாரம் போய் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தால், வேலை செய்த மணிக்கும் கூலி கொடுத்த மணிக்கும் நடுவில் இன்னொரு பெட்டி முளைக்கும். மூன்றாவதுக்கும் கடைசிக்கும் இடையில் அதைச் செருகினால் வீண் நேர வேரியன்ஸ் கிடைத்துவிடும். இன்னும் ஆறு சூத்திரங்களுக்கு விடுதலை.

போகிற போக்கில் ஒரு விஷயம். அந்தக் கலவை வேரியன்ஸில் 140 ரூபாய் சாதகம் என்று வந்ததே, அது எப்படி வந்தது? விலை குறைந்த அரிசியைக் கூடவும், விலை கூடிய உளுந்தைக் குறைவாகவும் போட்டதால் வந்தது. காகிதத்தில் சாதகம். மறுநாள் இட்லி கல்லாக இருக்கும். வாடிக்கையாளர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார். ஆலைகளில் தணிக்கைக்குப் போகும்போது சாதகமான கலவை வேரியன்ஸைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது தரம் பற்றித்தான். தேர்விலும் 'கருத்துரைக்க' என்று இரண்டு மதிப்பெண் கேட்டால் இதை எழுதுங்கள். சூத்திரத்தை மட்டும் உருப்போட்டவருக்கு அந்த இரண்டு மதிப்பெண் கிடைக்காது.

இப்போது உங்கள் தவறுக்கு வருகிறேன். முதல் பெட்டியின் கேள்வியை மறுபடி படியுங்கள்: 'இந்த 250 கிலோ மாவுக்கு'. நடந்த உற்பத்திக்கு எவ்வளவு செலவாகியிருக்க வேண்டும் என்பதுதான் நிர்ணய அளவு. நீங்கள் 1,000 பெட்டிக்கான அளவை எடுத்து, 900 பெட்டிக்கு உண்மையில் செலவானதோடு ஒப்பிட்டுவிட்டீர்கள். கேள்வியில் கொடுத்திருந்த அளவை 900/1,000-ஆல் பெருக்கிவிட்டுத் தொடங்கியிருந்தால் மீதி எல்லாம் சரியாக வந்திருக்கும். விடைத்தாளைப் பார்க்காமலேயே சொல்கிறேன், உங்களுடைய ஆறு மதிப்பெண்ணில் பெரும் பங்கு இந்த ஓர் இடத்தில்தான் விழுந்து கிடக்கிறது. உங்கள் ஞாபகசக்தி அன்று தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. சூத்திரத்தில் 'நிர்ணய அளவு' என்று இருந்தது, நீங்களும் நிர்ணய அளவைப் போட்டீர்கள். எதன் நிர்ணய அளவு என்பது சூத்திரத்துக்குள் இல்லை.

இதே கண்ணோடு நோட்டின் மற்றப் பக்கங்களைப் புரட்டுங்கள். சமநிலைப் புள்ளி, பாதுகாப்பு விளிம்பு, விரும்பிய லாபத்துக்கான விற்பனை என்று ஒரு பத்துப் பதினைந்து சூத்திரங்கள் இருக்குமே. எல்லாம் ஒரே வாக்கியம்: விற்பனையில் மாறும் செலவு போக மீதி, நிலைச் செலவுக்கும் லாபத்துக்கும் போகிறது. மாவு விற்கும் ஒவ்வொரு ரூபாயிலும் அரிசி, உளுந்து, கவர் எல்லாம் போக 40 காசு நிற்கிறது என்றால் அதுதான் பி.வி. ரேஷியோ. கடை வாடகையும் மற்ற நிலைச் செலவும் மாதம் 20,000 ரூபாய் என்றால், 40 காசு 40 காசாக 20,000 சேர எவ்வளவு விற்க வேண்டும்? 50,000. அது சமநிலைப் புள்ளி. அம்மாவுக்கு 10,000 லாபமும் வேண்டும் என்றால் 30,000 சேர வேண்டும், 75,000-க்கு விற்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள 25,000 தான் பாதுகாப்பு விளிம்பு. அதில் 40 சதவீதம் எடுத்தால் சரியாக அந்த 10,000 லாபம். இதற்கு மேல் இந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

சிக்கன கொள்முதல் அளவுச் சூத்திரத்தை எல்லோரும் வர்க்கமூலத்தோடு படம்போல நினைவில் வைப்பார்கள். 2 மேலே வருமா கீழே வருமா என்பதில் தடுமாறுவார்கள். ஒரு முறை அதைக் கட்டிப் பாருங்கள். வருடத் தேவை 12,000 கிலோ, ஒரு முறை ஆர்டர் போட 180 ரூபாய், ஒரு கிலோவை ஒரு வருடம் கையிருப்பில் வைக்க 12 ரூபாய். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் ஆர்டர் செலவு ஏறும். மொத்தமாக வாங்கினால் இருப்புச் செலவு ஏறும். இரண்டும் சமமாகும் இடத்தில் மொத்தம் மிகக் குறைவாக இருக்கும். அந்த 2 எங்கிருந்து வந்தது தெரியுமா? வாங்கிய சரக்கு படிப்படியாகத் தீர்ந்து போவதால் சராசரியாகக் கையில் இருப்பது வாங்கியதில் பாதிதான். 2-ஐயும் 12,000-ஐயும் 180-ஐயும் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 3,60,000. அதன் வர்க்கமூலம் 600. ஒரு முறைக்கு 600 கிலோ என்றால் வருடத்துக்கு 20 ஆர்டர், செலவு 3,600. சராசரி இருப்பு 300 கிலோ, செலவு அதே 3,600. இரண்டும் ஒன்றாக வந்தால் விடை சரி. தேர்வு அறையில் இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் 1913-இல் எழுதிய யோசனை இது. 1952-இல் வில்லியம் பாமோல் அதையே எடுத்து, சரக்கின் இடத்தில் ரொக்கத்தை வைத்தார். உங்கள் நிதி மேலாண்மைத் தாளில் ரொக்க இருப்புக்கு என்று தனியாக நீங்கள் உருப்போடும் பாமோல் சூத்திரம் இதன் மறுவேடம்தான். ஆர்டர் செலவு இருந்த இடத்தில் முதலீட்டை விற்றுப் பணமாக்கும் செலவு, இருப்புச் செலவு இருந்த இடத்தில் இழந்த வட்டி. அதே தாளில் லெவரேஜ் (நிலைச் செலவும் வட்டியும் லாபத்தை எவ்வளவு ஆட்டுகின்றன என்ற அளவு) மூன்றும் அப்படித்தான். பங்களிப்பு, அதிலிருந்து நிலைச் செலவு போய் இயக்க லாபம், அதிலிருந்து வட்டி போய் வரிக்கு முந்தைய லாபம் என்று படிக்கட்டாக எழுதுங்கள். மேல் படியை அடுத்த படியால் வகுத்தால் இயக்க லெவரேஜ். நடுப் படியைக் கீழ்ப் படியால் வகுத்தால் நிதி லெவரேஜ். உச்சியை அடியால் வகுத்தால் இரண்டும் சேர்ந்தது.

இருப்பு மட்டங்களில் மாணவர்கள் 'அதிகபட்சமா, குறைந்தபட்சமா' என்று திணறுவதை வருடாவருடம் பார்க்கிறேன். மறுபடி அரிசி மூட்டைதான். தினம் 30 முதல் 50 கிலோ வரை செலவாகிறது. மண்டியில் சொன்னால் இரண்டு முதல் நான்கு நாளில் வரும். எவ்வளவு இருக்கும்போது போன் செய்ய வேண்டும்? மோசமான நிலைமையை நினைத்துக்கொள்ளுங்கள்: தினம் 50 கிலோ போகிறது, வண்டி நான்கு நாள் கழித்துத்தான் வருகிறது. 200 கிலோ. அதுதான் மறு ஆர்டர் மட்டம். அப்புறம் வழக்கமாக நடப்பதை நினையுங்கள்: தினம் 40 கிலோ, மூன்று நாள், 120 போய் 80 கிலோ மிச்சம். அது குறைந்தபட்ச மட்டம். கடைசியாக, சரக்கு தேங்கும் நிலைமை: வியாபாரம் மந்தம், தினம் 30 கிலோதான் போகிறது, வண்டியோ இரண்டே நாளில் வந்துவிட்டது. 60 போக 140 இருக்கும்போதே, ஆர்டர் போட்ட 500 கிலோ வந்து இறங்குகிறது. 640 கிலோ வைக்க இடம் வேண்டும். அது அதிகபட்ச மட்டம். மூன்று சூத்திரங்களும் மூன்று காட்சிகளாகிவிட்டன.

அப்படியானால் மனப்பாடமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். மனப்பாடத்தை ஏளனம் செய்யும் கூட்டத்தில் நான் இல்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை உரக்கச் சொல்லித்தான் பிள்ளைகள் கணக்குப் படித்தார்கள். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. அவை யோசித்துக் கண்டுபிடிக்கக் கூடியவை அல்ல. ஊர் வைத்துக்கொண்ட வழக்கம். வழக்கத்தை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

உங்கள் பாடத்திலும் அப்படி மனிதர்கள் வைத்துக்கொண்ட வழக்கங்கள் கொஞ்சம் உண்டு. போனஸ் திட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பொறியாளர் ஹால்ஸியின் பெயரில் உங்கள் பாடத்தில் இருக்கும் திட்டம், மிச்சமான நேரத்தில் பாதிக்குக் கூலி கொடு என்கிறது. ஏன் பாதி? அப்படி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கிளாஸ்கோவின் ரோவன், மிச்சமான நேரத்துக்கும் அனுமதித்த நேரத்துக்கும் உள்ள விகிதத்தை, வேலை செய்த நேரத்தோடு பெருக்கச் சொன்னார். இந்த இரண்டையும் உருப்போடத்தான் வேண்டும். ஆனால் உருப்போட்டதும் எண்களைப் போட்டு இரண்டையும் மோதவிட்டுப் பாருங்கள். பத்து மணி வேலையை ஆறு மணியில் முடித்தால் ஹால்ஸியில் 2 மணிக் கூலி போனஸ், ரோவனில் 2.4. ஐந்து மணியில் முடித்தால் இரண்டிலும் 2.5. மூன்றே மணியில் முடித்தால் ஹால்ஸியில் 3.5, ரோவனிலோ 2.1-ஆக இறங்கிவிடுகிறது. அவசர அவசரமாக வேலையை முடிப்பவருக்கு ரோவன் போனஸ் கூடுவதில்லை. இதைக் கண்ணால் பார்த்த பிறகு இரண்டு சூத்திரங்களும் இடம் மாறாது.

பணியாளர் வெளியேற்ற விகிதத்தின் வெவ்வேறு முறைகள், நிதி மேலாண்மையில் வால்டர், கார்டன் இவர்களின் பங்காதாயச் சூத்திரங்கள் ஆகியவையும் இந்த வகையில் சேரும். நோட்டைப் பிரித்து, ஒவ்வொரு சூத்திரத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் 'கட்டலாம்' அல்லது 'மனப்பாடம்' என்று எழுதுங்கள். இரண்டாம் வகை 25-ஐத் தாண்டினால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அந்த இருபத்தைந்தையும் சத்தமாக வாசித்துப் பயனில்லை. வாசிக்கும்போது 'இது எனக்குத் தெரியும்' என்று மனம் தலையாட்டும். பார்த்ததை அடையாளம் கண்டுகொள்வது வேறு, பார்க்காமல் வரவழைப்பது வேறு. தேர்வு கேட்பது பின்னதை. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வீட்டில் எல்லாம் சொல்ல வருகிறது, அறையில் வரவில்லை என்ற உங்கள் புகாருக்கு விளக்கம் இதுதான்.

ஆகவே வெறும் தாளிலிருந்து தொடங்குங்கள். காலையில் காபி குடித்ததும், நோட்டைத் தொடாமல், ஒரு வெள்ளைத் தாளில் நான்கு பெட்டிகளையும் மனப்பாடப் பட்டியலில் நினைவுக்கு வருவதையும் எழுதுங்கள். பத்து நிமிடம் போதும். பிறகு நோட்டைத் திறந்து தவறுகளைச் சிவப்பு மையால் திருத்துங்கள். சிவப்பு விழுந்தவற்றை மட்டும் சின்ன அட்டையில் ஏற்றுங்கள். முன்பக்கம் பெயரையோ எழுத்துகளையோ எழுதாமல் கேள்வியை எழுதுங்கள்: 'வண்டி தாமதமானால் எத்தனை கிலோ இருக்கும்போது ஆர்டர் போட வேண்டும்?' பின்பக்கம் விடை. சரியாகச் சொன்ன அட்டையை மூன்று நாள் கழித்து, மறுபடி சரியானால் ஒரு வாரம் கழித்து, அப்புறம் மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். தவறினால் மறுநாளே திரும்ப வரட்டும். நான்கு மணிக்கு எழுவதை விட்டுவிட்டு ஆறு மணிவரை தூங்கினாலும் இதற்கு நேரம் இருக்கும். தூங்காத மூளையில் எதுவும் தங்காது.

சாதகமா பாதகமா என்ற குழப்பமும் உங்களுக்கு இருக்கும், எழுதவில்லையே தவிர. செலவில் நிர்ணயத்திலிருந்து உண்மையைக் கழிக்க வேண்டும், விற்பனையில் உண்மையிலிருந்து திட்டத்தைக் கழிக்க வேண்டும் என்று இரண்டு விதிகளை எழுதி வைத்திருப்பீர்கள். இரண்டையும் அடித்துவிடுங்கள். வித்தியாசத்தை எடுத்துவிட்டு, இதைப் பார்த்தால் அம்மா சிரிப்பாரா முகம் சுளிப்பாரா என்று கேளுங்கள். சிரித்தால் சாதகம். என் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு அதைத்தான் செய்கிறார்கள்.

இனித் தேர்வு நாள். தாளில் 30 மதிப்பெண் கொள்குறி வினாக்கள், 70 எழுத்து வினாக்கள். முன்னதாகக் கிடைக்கும் 15 நிமிட வாசிப்பு நேரத்தில் விடையைத் தேடாதீர்கள். ஒவ்வொரு கணக்கிலும் திட்டமிட்ட உற்பத்தி எது, நடந்த உற்பத்தி எது என்பதை மட்டும் தேடுங்கள். எழுதத் தொடங்கியதும் பெட்டிகளைப் போட்டு, செய்முறைக் கணக்குகளை விடையின் பகுதியாகவே எழுதுங்கள். 'செய்முறைக் கணக்குகள் விடையின் பகுதியாக இருக்க வேண்டும்' என்பது கேள்வித்தாளிலேயே வரும் அறிவுரை. படிநிலை மதிப்பெண் அங்கேதான் விழுகிறது. கடைசி எண் தவறினாலும் முதல் இரண்டு பெட்டிகள் சரியாக இருந்தால் ஏதாவது கிடைக்கும். ஒரு மூலையில் கிறுக்கி அடித்துவிட்டு விடையை மட்டும் எழுதினால் ஒன்றும் கிடைக்காது.

கால்குலேட்டரையும் பழகிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு இலக்கம், இரண்டு நினைவகம் வரை உள்ள சாதாரணக் கால்குலேட்டருக்குத்தான் அனுமதி. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான கணக்குக் கால்குலேட்டர்களில் 1-ஐ 1.12-ஆல் வகுத்து, சமக்குறியை ஐந்து முறை அழுத்தினால் 12 சதவீதத்தில் ஐந்து வருடத் தற்கால மதிப்புக் காரணிகள் 0.8929 முதல் 0.5674 வரை வரிசையாக வரும். ஜி.டி. (மொத்தக் கூட்டல்) பொத்தானை அழுத்தினால் அவற்றின் கூட்டுத்தொகை 3.6048. சில நிறுவனங்களின் கருவியில் வகுத்தல் குறியை இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கும். உங்களுடையது எந்த ரகம் என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் புதிதாக ஒன்றை வாங்கிவிடாதீர்கள். அந்த முட்டாள்தனத்தையும் நான் செய்திருக்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அம்மாவின் கடையில் போன வாரம் எத்தனை கிலோ மாவு அரைத்தார், அரிசியும் உளுந்தும் எவ்வளவு தீர்ந்தது, என்ன விலைக்கு வாங்கினார் என்று கேட்டு நான்கு பெட்டிகளையும் நிஜ எண்களால் நிரப்புங்கள். வழக்கமாக எவ்வளவு போகும் என்பதை அம்மாவிடமே கேளுங்கள். எந்த நோட்டும் இல்லாமல் சொல்வார். வித்தியாசம் எங்கே வந்தது என்று நீங்கள் கணக்குப் போட்டுச் சொன்னதும் அதற்கு அவர் ஒரு காரணம் சொல்வார்: புது உளுந்து, சரியாக ஊறவில்லை, பாதியில் மின்சாரம் போயிற்று என்று ஏதாவது. அடுத்த கடிதத்தில் பெட்டிகளோடு அந்தக் காரணத்தையும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா